லைனிங்கில் தைத்த கடிதம்

பெரிய பெட்டி விமான நிலையத்துப் பட்டையில் ஏறி, ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் மறைந்ததும் டைலரம்மாவுக்குப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது.

"போயிடுச்சு" என்றாள், தனக்குத்தானே.

"என்ன அத்தை?" என்றாள் மருமகள்.

"ஒண்ணுமில்ல. பெட்டி போயிடுச்சுன்னேன்."

இரண்டு நாளாக அந்தப் பெட்டியோடுதான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சின்ன மகளுக்கு இன்று மாலை நான்கு மணிக்கு ஆபரேஷன். குழந்தையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். எட்டாம் மாதத்திலிருந்தே அவளுக்குப் பிரஷர் ஏறிக் கிடக்கிறது. "அதிர்ச்சி தர்ற மாதிரி எதுவும் அவ காதுல விழக்கூடாது" என்று டாக்டர் சொன்னது குடும்பத்தில் சட்டமாகிவிட்டது. அதனால்தான் ஏழு வாரம் முன்பு டைலரம்மாவின் குடலில் இருந்த கட்டியை எடுத்ததையும், அதற்குப் பிறகு வயிற்றின் இடது பக்கத்தில் அவளோடு ஒட்டிக்கொண்டு வாழும் பையையும் சின்னவளிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முதுகுவலி, பயணம் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் சின்னவள் முந்தாநாள் போனில் ஒரே பிடியாக நின்றாள். "தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாக்கணும்மா. நீ வரலன்னா நான் போகமாட்டேன்."

பத்து நாற்பதுக்கு விமானம். இரண்டு மணி நேரப் பயணம். இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரம். இதைத் தவறவிட்டால் அடுத்த விமானம் மாலை ஐந்துக்கு.

வாசலில் இறக்கிவிட்ட பெரிய மகன், "அம்மா, உள்ள போய் எல்லார்கிட்டயும் சட்டைக்கு அளவு எடுக்க ஆரம்பிச்சுடாத" என்று கேலி செய்துவிட்டுக் காரைக் கிளப்பினான். அவனுக்கென்ன, கேலி செய்வான்.

பரிசோதனை வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது. மணி ஒன்பது முப்பத்தைந்து.

"அத்தை, பையில எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டியிருக்கீங்கல்ல?" மருமகள் தபாலாபீசில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். பெயரும் முகவரியும் இல்லாத எதைப் பார்த்தாலும் அவளுக்கு அரிக்கும்.

"எனக்குத் தெரியாதா எதுல என்ன இருக்குன்னு? ஒரு டப்பால பவுடர், ஒரு பாட்டில்ல பசை எடுக்கிற தண்ணி."

"உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு?"

முப்பது வருஷமாகக் கடையில் பட்டன், ஊக்கு, நூல்கண்டு எல்லாவற்றையும் ஒரே அளவு வெள்ளை டப்பாக்களில் போட்டு, தூக்கிப் பார்க்கும் கனத்தை வைத்தே எதில் என்ன என்று சொல்கிறவள் டைலரம்மா. ஆஸ்பத்திரியில் கொடுத்த கலர் கலரான டப்பாக்களைச் சின்னவள் பார்த்தால் கேள்வி வரும். அதனால் பவுடரை, துணியில் கோடு போடும் சாக்குப்பொடி வந்த கம்பெனி டப்பாவுக்கு மாற்றியிருந்தாள். பசை எடுக்கும் தண்ணீர், முகத்துக்குப் போடும் லோஷன் பாட்டிலுக்குப் போயிருந்தது.

"சாமானப் பெரிய பெட்டியில போடாதீங்க, பெட்டி தொலைஞ்சா திண்டாடிப் போயிடுவீங்க, எல்லாத்தையும் கையோட வெச்சுக்குங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். டைலரம்மா அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். எல்லாம் என்றால் எல்லாம். கத்திரிக்கோல் உட்பட.

அந்தப் பை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் கத்திரிக்கோலின் அருமை புரியும். குடலின் ஒரு பகுதியை எடுத்த பிறகு, மிச்சக் குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, விளிம்பைத் திருப்பித் தைத்துவிடுகிறார்கள். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்த மாதிரி என்று முதல் நாள் பார்த்ததுமே டைலரம்மா நினைத்தாள். சிவப்பாக, ஈரமாக ஒரு சின்ன வாய். அதற்கு வலி தெரியாது, அடக்கவும் தெரியாது. வருவதை வாங்கிக்கொள்ள அதன் மேல் ஒரு பையை ஒட்ட வேண்டும். பையின் முதுகில் ஒட்டும் தகடு ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஓட்டையை நாமேதான் வெட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டை சிறிதானால் குடலை அறுக்கும். பெரிதானால் தோலில் கழிவு பட்டுப் புண்ணாகும். சரியான அளவு, அந்த வாயை விட ஒரு நூல் கூடுதல். அந்த வாய் வேறு வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே வரும். முன்கூட்டியே நிறைய வெட்டி அடுக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு குட்டிக் கத்திரி கொடுத்தார்கள். "இது நகம் வெட்டக்கூட லாயக்கில்ல" என்று அதை வீட்டில் போட்டுவிட்டுத் தன் கடைக் கத்திரியை எடுத்துவந்திருந்தாள். ஏழு அங்குலம். சாணை பிடித்து நாலு நாள்தான் ஆகிறது.

கைப்பை சுரங்கம் மாதிரியிருந்த இயந்திரத்துக்குள் போயிற்று. அவளுடைய போனும் ஒரு தட்டில் ஏறிப் பின்னாலேயே போயிற்று.

அந்த இயந்திரத்துக்குள் பாயும் கதிர், சாமானுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துத் திரையில் நிறம் தீட்டும். துணி, சோப்பு, சாப்பாடு, பிளாஸ்டிக் எல்லாம் ஆரஞ்சு. எஃகும் இரும்பும் நீலம். நடுவே கிடப்பவை பச்சை. டைலரம்மாவின் பை திரையில் வந்தபோது ஆரஞ்சு மூட்டைக்கு நடுவே ஏழு அங்குலத்துக்கு ஒரு நீலக் கத்திரி, காலைப் பரப்பிக்கொண்டு பளிச்சென்று கிடந்தது.

பட்டை நின்றது.

"இந்தப் பை யாருது?" திரைக்கு முன் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

மருமகள் கையைத் தூக்கினாள். டைலரம்மா அதற்குள் உலோகம் தேடும் கதவுச் சட்டத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அது கீச்சென்று கத்தியது. பெண் அதிகாரி ஒருத்தி, இழுத்து முடிந்த கொண்டையும் தூக்கமில்லாத கண்ணுமாக, கைக்கருவியால் அவளைத் தடவினாள். தோளில் ஒன்றுமில்லை. வயிற்றில், இடது பக்கம், மறுபடி கீச்.

"பெல்ட்டக் கழட்டுங்கம்மா."

"கழட்ட முடியாது."

"ஏன்?"

பின்னால் வரிசையில் ஒரு முப்பது பேர். முன்னால் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு பத்துப் பேர். எல்லாருக்கும் காது இருந்தது.

"தனியா சொல்றேன்" என்றாள் டைலரம்மா.

இதற்குள் பையை மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை டப்பா திறந்தது. உள்ளே வெள்ளைப் பொடி.

"என்னம்மா இது?"

"உடம்புக்குப் போடற பவுடர்."

"மேல சாக்குப்பொடின்னு போட்டிருக்கே. இந்தத் தண்ணி? பாட்டில்ல லோஷன்னு போட்டிருக்கு, மோந்து பாத்தா பெட்ரோல் மாதிரி இருக்கு?"

மருமகள் கண்ணை மூடித் திறந்தாள். சீட்டு ஒட்டச் சொன்னேனே என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே நன்றாகக் கேட்டது.

"சார், அத்தைக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. டாக்டர் லெட்டர் இருக்கு. இதெல்லாம் என்னன்னு அதுல ஒண்ணு விடாம எழுதியிருக்கு" என்று ஃபைலை உருவினாள். டிக்கெட், அடையாள அட்டை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு. மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். "நேத்து சாயந்தரம் நானே இதுல வெச்சேனே..."

டைலரம்மா கையை நீட்டி ஃபைலை மூடினாள்.

"அத நான் எடுத்துட்டேன்."

"எங்க வெச்சீங்க?"

"பெட்டியில."

"எந்தப் பாக்கெட்ல?"

"பாக்கெட்ல இல்ல. லைனிங்குக்கு உள்ள."

"உள்ளன்னா?"

"தைச்சுட்டேன்."



"லெட்டர... தைச்சுட்டீங்களா?" என்றார் திரைக்காரர்.

"என் சின்னப் பொண்ணு எந்தப் பெட்டியக் கண்டாலும் குடைவா சார். சின்ன வயசுலேருந்தே அப்படி. ஃபைலத்தான் முதல்ல பிரிப்பா. அவ கண்ணுல படக்கூடாதுன்னு லைனிங்கப் பிரிச்சு, உள்ள வெச்சு, மறுபடி மூடிட்டேன். தையல் இருக்கறதே தெரியாது." கடைசி வார்த்தையில் அவளையறியாமல் ஒரு பெருமை தொனித்தது.

"பெட்டி இந்நேரம் ப்ளேன் வயித்துக்குள்ள போயிருக்கும்மா."

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. பத்து இருபதுக்கு விமானம் ஏறும் வாசலை மூடிவிடுவார்கள்.

பெண் அதிகாரி அவளைத் திரைத்துணி தொங்கிய சின்ன அறைக்குள் அழைத்துப்போனாள். கைப்பையையும் உள்ளே வாங்கி மேசையில் வைத்தாள். மருமகள் போன்களோடு வெளியே நின்றாள்.

"இப்ப சொல்லுங்க."

டைலரம்மா சட்டையைத் தூக்கினாள். பைக்கு மேல் அவளே தைத்த பருத்திப் பட்டை, இடுப்பைச் சுற்றி, இரண்டு பேன்ட் கொக்கிகளால் பூட்டியிருந்தது. எஃகுக் கொக்கி. பிளாஸ்டிக்கில் போட்டிருந்தால் கதவு வாயைத் திறந்திருக்காது. பிளாஸ்டிக் கொக்கி மூன்றே மாதத்தில் உடையும், அதனால் வாடிக்கையாளர் யாருக்கும் அவள் அதை வைத்ததில்லை. தனக்கு மட்டும் வைப்பாளா?

அதிகாரி குனிந்து பார்த்தாள். கையுறை போட்ட விரலால் கொக்கியை மட்டும் தொட்டாள்.

"வலிக்குமா?"

"வலிக்காது. அரிக்கும்."

"எங்க வாங்கினீங்க இந்தப் பட்டைய?"

"நானே தைச்சது."

"ம்" என்றவள், நீளமான குச்சியின் நுனியில் ஒரு துணித்துண்டை மாட்டி, "கையக் காட்டுங்க, இதோட முடிஞ்சுது" என்று இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்தாள். துண்டை மூலையிலிருந்த பெட்டிக்குள் செருகினாள்.

பெட்டி சிவப்பாக எரிந்து பீப்பீப்பீ என்றது.

அதிகாரியின் முகத்திலிருந்த கொஞ்சநஞ்ச இளக்கமும் வடிந்தது. "கையில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல." யோசித்தாள். "கிளிசரின்."

"எதுக்கு?"

"காலைல பட்டு தைச்சேன். பொறக்கப்போற புள்ளைக்குச் சட்டை. விரல் சொரசொரப்பா இருந்தா இழை மாட்டிக்கும். கிளிசரின் தடவாம நான் பட்டத் தொடமாட்டேன்."

அந்தப் பெட்டி துணித்துண்டைச் சூடாக்கி, கிளம்பும் ஆவியை மோந்து பார்க்கிற பெட்டி. வெடிமருந்தைத்தான் அது தேடுகிறது. ஆனால் வெடிமருந்துக்குத் தூரத்து உறவுக்காரர்கள் சோப்பிலும் களிம்பிலும் உண்டு. இயந்திரம் பாவம், தாயைக் கண்டாலும் சித்தியைக் கண்டாலும் ஒரே மாதிரிதான் கத்தும். அது கத்திவிட்டால் மேலதிகாரியைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கையைச் சோப்பில்லாமல் கழுவித் துடைத்து மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

எழுதினார்கள். கழுவினாள். மறுபடி துடைத்தார்கள். பச்சை.

மணி பத்து எட்டு.

மேலதிகாரி திரைத்துணிக்கு வெளியே நின்றபடியே தீர்ப்பு சொன்னார். கம்பெனி உறையில் சீல் பிரிக்காமல் இருக்கிற பைகள் போகலாம். பேர் ஒன்றும் பொருள் வேறுமாக இருக்கிற பொடியும் தண்ணீரும் போகக்கூடாது. கத்திரிக்கோல் பேச்சே வேண்டாம்.

"கத்திரி இல்லன்னா இந்தப் பை வெறும் பிளாஸ்டிக்" என்றாள் டைலரம்மா. "ஓட்டை போடாம ஒட்ட முடியாதும்மா. இப்ப ஒட்டியிருக்கறது நாளைக்குக் காலைல மாத்தணும். அங்க போய் யார்கிட்ட கத்திரி கேப்பேன், எதுக்குன்னு சொல்வேன்?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த கத்திரிக்கோலைப் பார்த்தாள்.

"பை எத்தனை இருக்கு?"

"ஆறு."

"இங்கயே வெட்டுவீங்களா? நான் பக்கத்துல நிப்பேன். வெட்டி முடிச்சதும் கத்திரி என் கைக்கு வரணும்."

"அளவு அட்டை வேணும். அது வீட்ல இருக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். எதற்கு அளவு அட்டை? கல்யாணக் கோட்டுக்கே கண்ணளவில் காஜா எடுத்தவள். உறையைக் கிழித்தாள். தகட்டின் நடுவில் கத்திரி நுனியைக் குத்தி, கத்திரியை அசைக்காமல் தகட்டைச் சுழற்றினாள். வளைவு வெட்டும்போது கத்திரி நிற்க வேண்டும், துணிதான் திரும்ப வேண்டும். தையல் பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது. ஒன்று. விளிம்பை விரலால் தடவிப் பிசிறு பார்த்தாள். இரண்டு. மூன்று.

"அம்மாடி" என்றாள் அதிகாரி, தன்னை மறந்து.

நான்கு. ஐந்தாவதைச் சுழற்றி முடிக்கும்போது வெளியே ஒரு போன் அடித்தது. தன் போன். சின்னவளுக்கென்று தனியாக வைத்திருந்த மணியோசை. அடித்தது, அடித்தது, நின்றது. தானாக நிற்கவில்லை. யாரோ எடுத்ததால் நின்றது.

"ஆமா, நான்தான்... அத்தை உள்ள இருக்காங்க... செக்கிங்தான், வழக்கமா பண்றதுதான்..." மருமகளின் குரல்.

அவளுக்குப் பக்கத்திலேயே மேலதிகாரி, ஊருக்கே கேட்கிற தொண்டையில், இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அந்தம்மா வயித்துல ஒரு பை ஒட்டியிருக்காங்க. குடல் ஆபரேஷனாம். லெட்டர் இல்லாம வந்துட்டாங்க..."

மருமகளின் குரல் அப்படியே நின்றது.

கத்திரி விலகியது. ஆறாவது தகட்டில் ஓட்டை விளிம்பிலிருந்து நீளமாக ஒரு கோடு, ஓரம்வரை. பாழ்.

"விடுங்கம்மா, அஞ்சு இருக்கு" என்று அதிகாரி கத்திரியை அவள் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள். "ஓடுங்க. வாசலுக்கு நான் வயர்லெஸ்ல சொல்றேன்."

ஓடினார்கள். ஏழு வாரத் தையல் வயிற்றுக்குள் சுரீர் சுரீரென்று இழுத்தது. நகரும் நடைபாதைப் பட்டையில் மருமகள் ஒரு கையால் பையையும் மறு கையால் மாமியாரின் முழங்கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல யாரு?"

"ஏறிட்டுச் சொல்றேன் அத்தை."

"சின்னவதானே?"

"முதல்ல ஏறுவோம்."

கடைசி ஆளாக ஏறினார்கள். கதவு சாத்தும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. இருக்கையில் விழுந்து, பெல்ட்டை வயிற்றுப் பைக்குக் கீழாகத் தள்ளிப் பூட்டிய பிறகுதான் டைலரம்மா திரும்பினாள்.

"அவளுக்குக் கேட்டுடுச்சா?"

மருமகள் தலையாட்டினாள். "ஒரு வார்த்தை விடாம."

"நீ என்ன சொன்ன?"

"என்ன பை அண்ணின்னு கேட்டா. நான் என்ன சொல்லட்டும்?"

"முதுகுவலிக்குக் கட்டற பெல்ட்டுன்னு சொல்லியிருக்கலாமே! வேற யாரையோ சொல்றாங்கன்னு சொல்லியிருக்கலாமே!"

"ஏழு வாரமா நான்தான் அத்தை சொல்லிட்டிருக்கேன். அம்மா தூங்கறாங்க, அம்மா குளிக்கறாங்க, அம்மா கடைல இருக்காங்கன்னு. உங்களுக்குப் பை மாத்திவிட்டுட்டு, கையக் கழுவின ஈரம் காயறதுக்குள்ள அவளுக்குப் போன்ல பொய்." மருமகள் தன் பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். "இன்னிக்கு வரல. வாய்ல வரவே இல்ல. எல்லாம் சொல்லிட்டேன்."

"எல்லாமா?"

"அவ கேட்ட வரைக்கும்."

டைலரம்மாவுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. முதல் இரண்டு வாரம், தானே குனிந்து பார்க்கப் பயந்தபோது முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட கை, இப்போது பக்கத்து இருக்கையின் கைப்பிடியில் கிடந்தது.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் பக்கத்துல யாரோ நர்ஸ், 'போனக் கீழ வைங்க, பிரஷர் பாக்கணும்'னாங்க. கட் ஆயிடுச்சு."

விமானம் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. டைலரம்மா தன் போனை வாங்கி மறுபடி கூப்பிட்டாள். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

"போனை ஆஃப் பண்ணுங்கம்மா" என்று பணிப்பெண் வந்து நின்றாள்.

"ஒரே நிமிஷம்."

"ஓடுபாதைக்கு வந்துட்டோம்மா."

அப்போதுதான் அது வந்தது. சின்னவளிடமிருந்து ஒரு குரல் செய்தி. ஏழு வினாடி என்று பக்கத்தில் போட்டிருந்தது. டைலரம்மா விரலை வைத்தாள். சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. கால்வாசி. பாதி. பணிப்பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வட்டம் பாதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் குனிந்து, மெதுவாக, அந்தக் குட்டி விமானப் படத்தை அழுத்தினாள். வட்டம் நின்றது.

விமானம் தரையை விட்டது. மேலே ஏற ஏற உள்ளே காற்றழுத்தம் குறையும். அடைத்த சிப்ஸ் பாக்கெட் உப்புவது போல, காற்று இருக்கிற எந்தப் பையும் உப்பும். நர்ஸ் இதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். சட்டைக்குள் பை மெல்லப் பொங்கி, பருத்திப் பட்டையை முட்டுவது தெரிந்தது. கொக்கிகள் தாங்கின. டைலரம்மா உள்ளங்கையை அதன் மேல் அழுத்திக்கொண்டாள். சின்னவள் வயிற்றிலிருந்தபோதும் இந்தக் கை இதே இடத்தில்தான் இருக்கும்.

மறு கையில் போன். திரையில் பாதி வட்டம்.

ஏழு வினாடி. அவளுடைய தையல் மெஷின் அதற்குள் நூறு தையல் போட்டுவிடும், ஒரு சட்டையின் கை முழுசாகச் சேர்ந்துவிடும். அவ்வளவு நேரத்தில் ஒரு மகள் அம்மாவிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இல்லை, அந்தக் குரல் மகளுடையதாகவே இல்லாமல், அவள் போனிலிருந்து நர்ஸ் யாராவது பேசியதாகவும் இருக்கலாம்.

இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.